மூன்று நாப், ஒரு ரோஸ் புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

காலையில் ஹாரன் வந்து வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு கட்டிங் பிளேயரையும் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"இது இல்லாம உங்க வண்டில காத்து வராது மாமா. காத்தைத் திருப்பற மூணு நாப்பும் சும்மா சுத்துது. உள்ள இருக்கற குச்சியை இதால புடிச்சுத் திருகித்தான் ஓட்டிட்டிருக்கேன். ஒரு கைல ஸ்டியரிங், ஒரு கைல பிளேயர். பல் டாக்டர் மாதிரி."

ஹாரன் என் அக்கா மகள். பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற லாரி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. அந்த இடத்திலேயே நான் வைத்த பெயர். அக்கா இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் அப்போது மயக்கத்தில் இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்? இப்போது ஹாரனுக்கு முப்பத்தொரு வயது. செடிப் பண்ணை வைத்திருக்கிறாள். மலைமேல் இருக்கிற வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தொட்டிச் செடிகளைக் கொண்டுபோய் இறக்குகிறாள். பிக்கப் என்னுடையது, இருபத்திரண்டு வயது வண்டி. ஓட்டுகிறவள் அவள், உடையவன் நான், உயிர் கொடுத்து வைத்திருப்பது என் கை.

மூன்று நாப்பில் இடது, காற்றின் வேகத்துக்கு. நடு, சூடு குளிருக்கு. வலது, காற்று எங்கே போக வேண்டும் என்பதற்கு: முகமா, காலா, முன்கண்ணாடியா. மழைக்காலம் பிறந்துவிட்டது. மலையில் மூடுபனி. உள்ளே உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாலே கண்ணாடி வெள்ளையாகிவிடும். சூடான காற்று கண்ணாடிமேல் அடித்தால்தான் பாதை தெரியும். மற்ற இரண்டும் சுகத்துக்கு, வலது நாப் உயிருக்கு.

"மெக்கானிக்கிட்ட விட்டுடட்டுமா மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சிரித்தேன். முப்பத்தெட்டு வருடம் பாட்டில் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஆலையே என் சாவிக்கொத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றால் இன்ஜினியர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். (பாகம் இருக்கிறதா என்று கேட்கத்தான். ஆனாலும் பார்ப்பார்கள்.) தெருமுனை ஒல்லி மெக்கானிக் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற ஆள். அதைச் செய்ய ஒரு குரங்கு போதும்.

பிளேயரை வாங்கி என் பெட்டியில் போட்டுக்கொண்டேன். "இனிமே இது உனக்கு வேண்டாம்" என்றேன். அவள் முகத்தில் என்ன ஒரு நிம்மதி!

ஜூன் 5, வியாழன்

ஆபரேஷன்.

முன்பலகையைக் கழற்றினேன். நாலு திருகாணி, ஆறு கொக்கி. இரண்டு கொக்கி உடைந்தன. அவை எப்படியும் உடைய வேண்டியவைதான். விஷயம் இதுதான்: நாப்புக்குப் பின்னால் ஒரு கழுத்து உண்டு. கழுத்துக்குள் துளை. துளை முழு வட்டம் இல்லை, ஒரு பக்கம் தட்டை, பாதி நிலா மாதிரி. குச்சியும் அதே வடிவம். அந்தத் தட்டைதான் நாப்போடு சேர்த்துக் குச்சியைத் திருப்பும். வெயிலில் கிடந்து கிடந்து கழுத்து வெடித்துவிட்டது. அவ்வளவுதான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒன்பதாம் வகுப்பு என்னைக் கண்டு பயந்துவிட்டது என்று நான் சொல்வதுண்டு. ஆனால் இந்தப் பாதி நிலாவை எந்தப் பட்டதாரியாவது கண்டுபிடிப்பானா?

துளைகளை ஒட்டுப்பசையால் நிரப்பி, மேலே சமையலறைச் சோடா மாவைத் தூவினேன். இரண்டும் சேர்ந்தால் கல். பிறகு சூடாக்கிய ஆணியால் புதிதாகத் துளை போட்டேன். கழுத்தைச் சுற்றி செம்புக் கம்பி. கடைசியில் ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் என் கையெழுத்தான சிவப்புப் புள்ளி. இது என் வழக்கம். நான் சரிசெய்த எந்தப் பொருளானாலும் உள்ளே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பேன். ரத்தச் சிவப்பு. அதற்கென்றே ஒரு பழைய குப்பி என் கருவிப் பெட்டியில் உண்டு.

சோடா மாவு டப்பா காலியாகிக் கிடப்பதைப் பார்த்து வீட்டுக்காரி திட்டவில்லை. "முடிஞ்சுதா? உங்க கை பட்டா போதுமே" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்கு நான் லாரியையே பிரித்து மாட்டுவேன்.

ஜூன் 6, வெள்ளி

மாட்டியாயிற்று. மூன்றும் திரும்புகின்றன.

வலது நாப்பில் மட்டும் துளை போடும்போது கை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அம்பு ஓர் இடம் தள்ளிக் காட்டுகிறது. கால் படத்துக்கு நேரே வைத்தால் காற்று கண்ணாடிக்குப் போகும். இது குறையில்லை. திருடன் வண்டியைக் கொண்டுபோனால் அவனுக்கு ஒன்றும் புரியாது.

ஹாரனிடம் சொன்னேன்: "ஒரு இடம் தள்ளி வச்சு ஓட்டு. அவ்வளவுதான் சூட்சுமம்." தலையை ஆட்டினாள்.

ஜூன் 9, திங்கள்

மலையிலிருந்து ஹாரன் போன் செய்தாள். ஒரே பாராட்டு. இப்படி ஒரு வேலையை எங்கேயும் பார்த்ததில்லையாம். அடக்கமாக இருந்துகொண்டேன்.

ஜூன் 11, புதன்

ஹாரன் மறுபடி போன். மறுபடி அதே பேச்சு. போதும் போதும் என்று நானே வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

நேரிலேயே வந்துவிட்டாள். நாப்பைப் பற்றித்தான் பேச்சு. தேநீர் கொடுத்து அனுப்பினேன். மழை.

ஜூன் 14, சனி

வண்டியின் முன் பம்பர் இடது மூலையில் உள்ளே போயிருக்கிறது. கேட்டால் விடுதி கேட்டில் இடித்துவிட்டதாம்.

"கண்ணு எங்க வச்சிருந்த?" என்றேன்.

"முன்னாடிதான் மாமா."

"அப்புறம் எப்படி இடிச்சது? நான் இருபது வருஷம் ஓட்டினேன், ஒரு கீறல் உண்டா?" (பின்கதவில் இருப்பது கீறல் இல்லை, பள்ளம்.)

பதில் பேசவில்லை. ஹாரன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. நன்றாகத் திட்டிவிட்டேனோ? சரி, வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பயம் இருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

டீக்கடைக்குப் போகிற வழியில் பார்த்தால், என் வண்டி ஒல்லி மெக்கானிக் வாசலில். ஆயில் மாற்ற விட்டாளாம். ஆயில் மாற்றவுமா நான் ஆகாதவன்? போகட்டும், புள்ளைக்கு என் நேரத்தைக் கெடுக்க மனசில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

காலையில் வண்டியை நானே எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே பாதி நிலாவைப் பற்றியும் சோடா மாவைப் பற்றியும் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னால் போதுமா, காட்ட வேண்டாமா? வண்டியைக் கடைக்கு நேர் எதிரே நிறுத்தினேன். ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். (பத்துப் பதினைந்து என்று எழுத வந்தது. அடித்துவிட்டேன். இன்று எதற்கு?) ஒல்லி மெக்கானிக்கும் கண்ணாடி டம்ளரோடு ஓரமாக நின்றான்.

டீ மாஸ்டரை உள்ளே உட்காரவைத்தேன். இன்ஜினைப் போட்டேன்.

"இப்ப பாருங்க. அம்பு எதைக் காட்டுது?"

"காலை."

"காத்து எங்க வரும்?"

"காலுக்கு."

"அதான் இல்ல! கண்ணாடிக்கு வரும். கையை வச்சுப் பாரு."

டீ மாஸ்டர் கண்ணாடிமேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "இங்க ஒண்ணும் வரலியே அண்ணே. என் காலுக்குத்தான் வருது. நல்லா ஜில்லுன்னு வருது."

"இருக்காது."

"செருப்பைக் கழட்டிக் காட்டவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நாப்பைக் கண்ணாடி படத்துக்குத் திருப்பினேன். கண்ணாடிக்குக் காற்று வந்தது. முகத்துக்குத் திருப்பினேன். முகத்துக்கு வந்தது. எங்கே வைத்தாலும் அங்கேயே வந்தது. நல்ல வண்டியில் வருகிற மாதிரி.

நாப்பைப் பிடித்து இழுக்கப் போனேன். மெக்கானிக் அவசரமாக முன்னால் வந்தான். "விடுங்கண்ணே. நல்லாத்தானே இருக்கு. சும்மா எதுக்கு இழுக்கறீங்க?"

ஏன் இவனுக்கு இவ்வளவு அக்கறை?

இழுத்தேன். வந்தது. உள்ளே செம்புக் கம்பி இல்லை. சோடா மாவு இல்லை. முழுக் கழுத்து, முழுப் பாதி நிலா, ஒரு வெடிப்பு இல்லை. வெளியே பார்த்தால் பழைய நாப்பைப் போலவே வெளிறிப்போனது, இதே ரக வண்டி எதிலிருந்தோ கழற்றியது. உள்பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தது.

என் புள்ளி ரத்தச் சிவப்பு. இது ரோஸ்.

நடு நாப்பையும் பிடுங்கினேன். அதுவும் ரோஸ். இடது மட்டும் என்னுடையது.

"மெக்கானிக்கு, இது என்னய்யா?" என்றேன். அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல கேளுங்கண்ணே" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 23, திங்கள்

வீட்டுக்காரி அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி வீட்டையே பிரித்தேன்.

டேபிள் ஃபேனின் பின்மூடி: ரோஸ். மிக்ஸியின் அடித்தட்டு: ரோஸ். குளியலறைத் தாழ்ப்பாள்: ரோஸ். வெந்நீர் ஸ்விட்ச்: ரோஸ். அலாரக் கடிகாரம் மட்டும் சிவப்பு. அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை.

என் கை பட்ட பொருள் வீட்டில் பதினாலு. அதில் ஒன்பது ரோஸ்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்பது பூசணிக்காயை என் தட்டிலேயே மறைத்திருக்கிறார்கள். நானும் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டேன். மிக்ஸியைக் கவிழ்த்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். சமாளிப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா. நீங்க ரிட்டயர் ஆனதுலேர்ந்து."

"யாரு செய்யறது?"

"மெக்கானிக்குத்தான். அவன் கைக்கு மிக்ஸியும் ஒண்ணுதான், இன்ஜினும் ஒண்ணுதான்."

"எப்போ? நான் வீட்லதானே கெடக்கேன்?"

"டீக்கடைக்குப் போவீங்கள்ல. போனா ரெண்டு மணி நேரம் கதை சொல்லாம எந்திரிப்பீங்களா? அதுக்குள்ள முடிச்சுருவான்."

அதாவது மிக்ஸியை எப்படிச் சரிசெய்தேன் என்று நான் அங்கே சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே மிக்ஸி சரியாகிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் குறைவதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

"புள்ளி?"

"நான்தான் வச்சேன். உங்க செவப்பு கடையில வரதில்ல. இருக்கறதுல கிட்டத்துல அதான் கெடைச்சுது."

"இதுக்குன்னே வாங்கினியா?"

"நான் என்னிக்கு நகத்துக்குப் பூசியிருக்கேன்?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவள் புளுகு ஆறு வருடம் ஓடியிருக்கிறது, ஒரு பிசிறில்லாமல். நான் இவளைத்தான் விவரம் தெரியாதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"எங்கிட்ட சொன்னா என்ன? கோவிச்சுக்குவேன்னு பயமா?"

"கோவத்துக்கு யாரு பயந்தா? உங்க முகம் தொங்கிப்போயிரும். அதை யாரு பாக்கறது?" அப்புறம் கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "நீங்க சொல்ற கதைக்கெல்லாம் நான் தலையாட்டல? ஆலையைத் தூக்கி நிறுத்தினேன், லாரி ஒதுங்குச்சு... ஒருநாள் இல்லைன்னு சொல்லியிருக்கேனா? அது மாதிரிதான் இதுவும்."

அது மாதிரியா? அது வேற இது வேற! நான் சொல்றது கதை. கேக்கறவங்களுக்குக் கதைன்னு தெரியும். இவ செஞ்சது— மிக்ஸி ஓடினதும் கையைத் தட்டினாளே, "உங்க கை பட்டா போதுமே"ன்னு சொன்னாளே. அந்த வார்த்தைக்காகத்தானே நான் அடுத்ததைப் பிரிச்சேன். நாப்பையும் மிக்ஸியையும் மாத்திட்டுப் போகட்டும். அந்த வார்த்தையையும் டூப்ளிகேட்டா குடுத்திருக்கா.

சாப்பிடவில்லை. (இரண்டு தோசை. அது சாப்பாடில்லை.)

ஜூன் 25, புதன்

பேசவில்லை. குழாய் சொட்டுகிறது. சொட்டட்டும்.

ஜூன் 26, வியாழன்

குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. யார் என்று கேட்கவில்லை. மானம் இருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

ஹாரன் வந்தாள். நான் நாளிதழை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அவள் அதன் பின்னாலிருந்து பேசினாள்.

"மாமா, அத்தையைக் கோவிச்சுக்காதீங்க. நாப்பை மாத்தச் சொன்னது நான்."

"ஓஹோ."

"பம்பர் விடுதி கேட்டுல இடிக்கல."

நாளிதழை இறக்கினேன்.

பதின்மூன்றாம் தேதி என்னைப் பார்த்துவிட்டு மலைக்குப் போயிருக்கிறாள். மழை. ஒன்பதாம் வளைவில் கண்ணாடி முழுக்க வெள்ளை. வலது நாப்பைத் திருப்பியிருக்கிறாள். கண்ணாடிக்கு எது என்று ஒரு நொடி குழப்பம். வேகமாகத் திருப்பியதில் என் சோடா மாவுக் கல்லோடு நாப் கழன்று கையோடு வந்துவிட்டது. குச்சி மட்டும் நிற்கிறது, விரலால் திருப்ப முடியவில்லை.

"பிளேயரைத் தேடினேன் மாமா. சீட்டுக்கடியில கையை விட்டுத் துழாவினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துது, நீங்க வாங்கி வச்சுக்கிட்டீங்கன்னு."

ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி பிரேக்கை மிதித்திருக்கிறாள். வண்டி வழுக்கி ஓரக்கல்லில் முட்டி நின்றிருக்கிறது.

"கல்லு இல்லேன்னா?" என்றேன்.

"கல்லு இருந்துச்சு. அதைப் பேசுவோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சரி பண்ணியிருக்க மாட்டேனா? என்னைய ஏமாத்தி, பின்னாடி போயி அந்த ஒல்லிப்பயகிட்ட— கூடப் பொறந்தவ பொண்ணு நீ. உன்னை இந்தக் கையால தூக்கினவன் நான்."

"சொன்னேன் மாமா." குரலை உயர்த்தவே இல்லை. ஹாரன் என்று பெயர் வைத்த நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். "மூணு தடவை சொன்னேன். ரெண்டு தடவை போன்ல, ஒரு தடவை நேர்ல. 'ஒரு இடம் தள்ளி வச்சு ஓட்டு'ன்னீங்க. மூணாவது தடவை டீ குடுத்து அனுப்பிட்டீங்க."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேனே, பாராட்டினாள் என்று.

ஜூன் 28, சனி

ஹாரனோடு மலைக்குப் போனேன். நானாகத்தான் ஏறி உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் வளைவில் நிறுத்தினாள். ஓரக்கல்லில் என் வண்டியின் நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. உள்ளங்கை அகலம். கல்லுக்கு அந்தப் பக்கம் புல், அப்புறம் பனி. பனிக்குக் கீழே என்ன என்று தெரியவில்லை.

திரும்பி வண்டியில் ஏறினோம். எங்கள் இரண்டு பேர் மூச்சில் கண்ணாடி மங்கியது. அவள் வலது நாப்பைத் திருப்பினாள். பார்க்கக்கூட இல்லை, விரல் போய் நின்ற இடம் சரியான இடம். கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு கை அளவு தெளிந்தது, அது விரிந்துகொண்டே மேலே ஏறியது, பாதை வந்தது.

காப்பாற்றினவன் ஒல்லி மெக்கானிக். ஏமாற்றினவனும் அவனே. அவனுக்கு நன்றி சொல்வதா, அவன் சட்டையைப் பிடிப்பதா? வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். இரண்டும் செய்யவில்லை.

ஜூலை 2, புதன்

நோட்டைத் திருப்பிப் படித்தேன்.

ஜூன் 9. 'ஒரே பாராட்டு' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று அவள் சொன்னது எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. இப்போது எழுதுகிறேன்: "மாமா, அம்பு ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம், எனக்குக் கொழப்பமா இருக்கு. மலையில யோசிக்க நேரமில்ல."

ஜூன் 11. "மாமா, அந்த நாப்பு ஆடுது."

ஜூன் 13. "மாமா, எனக்குப் பயமா இருக்கு. மெக்கானிக்கிட்ட காட்டிடறேனே?" அதற்கு நான் தேநீர் கொடுத்தேன்.

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. வீட்டுக்காரி தொடவே மாட்டாள். டீக்கடையில் அளந்தால் நாலு பேர் ரசிப்பார்கள். இங்கே யாருக்கு அளந்தேன்?

இருந்தாலும் கேட்கிறேன். ஆறு வருடம், ஒன்பது தடவை. ஒரே ஒரு தடவை என் முகத்துக்கு நேரே "இது ஓடல" என்று சொல்லியிருந்தால் என்ன? முகம் தொங்கியிருக்கும். தொங்கட்டுமே. தொங்கின முகம் நிமிராமலா போய்விடும்? அதற்குக்கூட நான் தாங்க மாட்டேன் என்று ஒரு கணக்குப் போட்டு, அந்தக் கணக்கிலேயே என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். வலது நாப்பைவிட இதுதான் உள்ளே குத்துகிறது.

இன்று அவளிடம் சொல்லிவிட்டேன். இந்த மாதிரிதான் சொன்னேன், கூட்டிக் குறைக்காமல். கேட்டுக்கொண்டாள். "சரி, தப்புதான்" என்றாள். பிறகு, "குழாய் மறுபடி சொட்டுது" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லை. வீட்டுக்காரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இது ஓடல. நீங்க பாக்கறீங்களா, மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?"

முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக இப்படிக் கேட்கிறாள். "கூப்பிடு" என்றேன். டீக்கடைக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். பாவம், ஒல்லிக்கு வியர்த்துவிட்டது. ஆறு வருடமாக நான் இல்லாத வீட்டில் வேலை செய்து பழகினவன்.

"அண்ணே, நான் வேணும்னு பண்ணல" என்றான்.

"திருகாணியைப் பாரு. கீழ விழுந்துரும்."

உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. நான் என்றால் மொத்தத்தையும் பிரித்திருப்பேன். அவன் அந்த ஒன்றை மட்டும் தொட்டான். வேலைக்காரன்தான். (இதை அவனிடம் சொல்லவில்லை.) புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அந்த எடது நாப்பு எங்கயும் கெடைக்கலண்ணே. காயலான் கடையெல்லாம் தேடிட்டேன். அது உங்களோடதுதான் ஓடிட்டிருக்கு."

என் மேலுள்ள மரியாதையில் அந்த ஒன்றை விட்டுவைத்தார்கள் என்று மூன்று வாரமாக உள்ளூர ஓர் எண்ணம். அதுவும் போயிற்று.

ஜூலை 19, சனி

இடது நாப் நேற்று மலையிலேயே போய்விட்டது. காற்று ஒரே வேகத்தில் நின்றுவிட்டது, திருப்பினால் சும்மா சுற்றுகிறது. காலையில் ஹாரன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, உங்க வேலை உடைஞ்சுபோச்சு. வேற கெடைக்காது. நீங்கதான் பண்ணணும். ஆனா நான் பக்கத்துலயே உக்காருவேன். சரின்னு நான் சொல்றவரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

"நீ யாரு, இன்ஸ்பெக்டரா?"

"மலைக்குப் போறவ."

பசையைத் தொடவில்லை. பழைய ரேடியோ ஏரியல் குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, வெடித்த கழுத்துக்கு மேலே இறுக்கமாக ஏற்றினேன். துளையை அதன் வடிவத்திலேயே விட்டேன். மாட்டிக் காட்டினேன்.

"சரியில்ல. வளையம் பலகையில உரசுது."

தேய்த்தேன். "சரியில்ல. நாலாம் நம்பர்ல வழுக்குது."

வளையத்தைப் பிரித்து இன்னும் இறுக்கினேன். "சரியில்ல. இழுத்தா வந்துருது பாருங்க." இழுத்தும் காட்டினாள், ராட்சசி. என் காது சூடாகிவிட்டது. ஒரு கதை சொல்லலாமா என்று வாயெடுத்தேன். ஆலையில் இதே மாதிரி ஒரு வால்வு... அவள் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கதையை விழுங்கிவிட்டு அரத்தை எடுத்தேன்.

நாலாவது: "சரியில்ல. ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது."

வீட்டுக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கை தட்டவில்லை. "ஆச்சா?" என்றாள். "ஆகல" என்றேன். போய்விட்டாள்.

ஐந்தாவது தடவை ஹாரன் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று திருப்பினாள். மறுபடி நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பிறகு இழுத்தாள். நேராக இழுத்தாள், சாய்த்து இழுத்தாள். வரவில்லை. செடிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நாள் முழுக்க எனக்கு வாசலில்தான் வேலை. மழை பெய்தது.

நாலரை மணிக்கு வந்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள்.

"எப்படி?" என்றேன்.

"பரவாயில்ல மாமா" என்றாள்.

பிரமாதம் என்று சொன்னாள் என எழுதப் பேனா போனது. அவள் சொன்னது 'பரவாயில்ல'.